பேய்ப்படச் சத்தங்களால் நடன அல்பம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேய்ப்படங்களிலிருந்து குரல்களையும் சத்தங்களையும் வெட்டியெடுத்து இண்டஸ்ட்ரியல் நடன இசை (இயந்திர இரைச்சல் கலந்த கரடுமுரடான நடன இசை) செய்ய முனைகிறவர்கள் முதலில் தேடிப்போவது அலறலைத்தான். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கியபோது, கணினியில் அலறல்களுக்கென்றே ஒரு கோப்புறை வைத்திருந்தோம். நாற்பதுக்கு மேற்பட்ட துண்டுகள் அதில் சேர்ந்தன. கடைசியில் பயன்பட்டவை இரண்டு. படத்தில் ஓர் அலறல் நம்மைத் தூக்கிப்போடுவதற்குக் காரணம், அதற்கு முன் அரை நிமிடமாக எவரும் பேசாதிருப்பதும், எங்கோ ஒரு கதவின் பிணைச்சல் கிறீச்சிடுவதும், அடுத்து என்ன வருமோ என்று நாம் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதுமே. நடன இசையிலோ அடுத்து என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்: நிமிடத்துக்கு 125 அடி என்ற வேகத்தில் 480 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை கிக் என்னும் கனத்த முரசடி விழுந்தே தீரும். அந்த நிச்சயத்தின் மேல் ஏற்றிவைக்கும் அலறல் இன்னொரு சிம்பல் தட்டுச் சத்தமாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே வெட்டியெடுக்க வேண்டியவை அலறலுக்கு முந்திய மூச்சும், பிணைச்சலும், ஆளில்லாத அறையின் இரைச்சலும். கிக்கை எட்டு அடிகளுக்கு நிறுத்திவிட்டு அந்த மூச்சை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள்; ஆடிக்கொண்டிருப்பவர் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்பார்.

இரண்டாவது தவறு நீளம். 1980களில் வன்கூவர், சிகாகோ, பெல்ஜியம் ஆகிய இடங்களில் இந்த இசை உருவானபோது, கலைஞர்களிடம் இருந்த சாம்ப்ளர்களின், அதாவது ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப வாசிக்கும் கருவிகளின், நினைவகம் மிகச் சிறியது. 1986இல் வந்த அக்காய் எஸ்900 என்னும் 12 பிட் கருவி, அதன் உயர்ந்த தரத்தில் ஏறத்தாழ 12 செக்கன் ஒலியையே தாங்கும். ஒரு சொல், அரை வசனம், ஓர் இருமல் என்று பொறுக்கியெடுக்கும் வழக்கம் அந்த நெருக்கடியிலும் வளர்ந்ததுதான். இன்று கணினிக்கு அப்படி எல்லை எதுவும் கிடையாது. அதனால் நாற்பது செக்கன் உரையாடலை அப்படியே பாட்டின் தொடக்கத்தில் ஓடவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது படத்தின் விளம்பரம் போலப்படுகிறது. நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

தமிழ் வசனத்தைக் கையாளும்போது நேரும் தவறு இவையெல்லாவற்றிலும் நுட்பமானது. ஆங்கிலப் படத்துக் குரலைத் தாளத்துக்குள் பொருத்துவதற்கு எல்லோரும் செய்வது, மென்பொருளில் அதை இழுத்து நீட்டுவது. தமிழில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யமுடியாது, ஏனெனில் நமக்குக் குறிலும் நெடிலும் பொருள் வேறுபாடு. மொழிமாற்றம் செய்யப்பட்ட ஒரு படத்தில் ஒரு பெண் “என்னை விடு” என்று கெஞ்சும் துண்டை நாங்கள் ஏறக்குறைய இருமடங்காக நீட்டினோம். எதிரொலியும், ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டோர்ஷனும் ஏற்றிப் பெருமையோடு போட்டுக் காட்டியபோது நண்பன் சிரித்துவிட்டான்: “மச்சான், அவ என்ன, வீடு வாடகைக்குத் தேடுறாவே?” இரவெல்லாம் உழைத்து அந்தப் பெண்ணின் குறிலை நெடிலாக்கி வைத்திருந்தோம். நிமிடத்துக்கு 125 அடியில், அடியின் கால் பங்கு 120 மில்லிசெக்கன். சாதாரணப் பேச்சில் வரும் ஒரு குறிலசை கிட்டத்தட்ட அதற்குள் அடங்கிவிடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணம் வகுத்த கணக்கு, தாளக் கட்டத்துக்கென்றே அளந்து வைத்ததுபோல் இங்கே உதவுகிறது. குறிலைத் தொடாமல், ஏற்கெனவே நெடிலாக உள்ள எழுத்தையோ சொல்லிறுதியையோ மட்டும் நீட்டலாம். அல்லது நீட்டவே நீட்டாமல், சொற்களுக்கிடையே வெற்றிடம் விட்டு ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்தையும் கட்டத்தில் உட்காரவைக்கலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். இதே காரணத்தால், மெல்லிய சத்தங்களை அறுக்கும் நொய்ஸ் கேட்டையும் அளவாக வைக்கவேண்டும். “பாட்டி” என்பதன் ஒற்றில் வரும் குட்டி மௌனத்தை வெறுமை என்று எண்ணி வெட்டி ஒட்டினால், மிஞ்சுவது “பாடி”. சொல்லின் நடுவே வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுவதோ யாப்பில் சீருக்காகச் சொல்லைப் பிளப்பதை வகையுளி என்பார்களே, அதன் மறுபிறப்பு. வேண்டுமென்றே செய்தால் அழகு. தவறி நேர்ந்தால் விகாரம்.

சுருதி பற்றியும் கவனம் வேண்டும். திரைப்படம் செக்கனுக்கு 24 படச்சட்டங்களில் ஓடுவது. இலங்கைத் தொலைக்காட்சி பின்பற்றும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையோ 25 படச்சட்டங்களுக்குரியது. ஆகையால் நம் வீடுகளில் கிடக்கும் பழைய வீடியோ கசெட்டுகளிலும் விசிடிகளிலும் படம் பெரும்பாலும் நான்கு சதவீதம் விரைவாக ஓடுகிறது. குரலும் அரைச்சுரத்தின் பத்தில் ஏழு பங்கு உயர்ந்துவிடுகிறது. அந்தக் குரலுக்கு அடியில் பேஸ் என்னும் தாழ்ந்த சுரங்களை இசைக்கும்போது எங்கோ உறுத்தும். ஆனால் எங்கே என்று பிடிபடாது. வேகத்தை 96 சதவீதத்துக்குக் குறைத்துக் கேட்டால் அநேகமாக விடை கிடைத்துவிடும்.

பழைய படங்களின் ஒலித்தடத்தில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் இரைச்சல். அதை வடிகட்டாமல் விட்டால் கிக்கின் வயிற்றில் சேறு படியும். 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

எல்லோருக்கும் தெரிந்த தமிழ்ப் படத்துப் பேயின் குரலை எடுப்பதும் தவறுதான். கொழும்பில் தமிழ் கேட்கும் கூட்டத்தில், அந்த வசனத்தை உடன்சேர்ந்து சொல்லாதவர் இருக்கமாட்டார். பயம் போய்க் கலியாண வீட்டுப் பகிடியாகிவிடும்.

இனி உரிமை. “இரண்டு செக்கன்தானே” என்பதுதான் நான் அதிகம் கேட்ட சமாதானம். ஜெர்மன் இசைக்குழுவான கிராஃப்ட்வேர்க்கின் ஒலிப்பதிவிலிருந்து சுமார் இரண்டு செக்கனை எடுத்ததற்காகத் தொடங்கிய வழக்கு, இருபது ஆண்டளவு இழுபட்டு, 2019இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்பு வரை போனது. காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றினாலன்றி, மிகச் சிறிய துண்டுக்கும் அனுமதி தேவை என்பதே அந்த நீதிமன்றம் சொன்னதன் சாரம். வன்கூவரின் ஸ்கின்னி பப்பி குழு, 1992இல் வந்த அல்பத்திலிருந்து ஒரு பாடலையே நீக்கவேண்டியதாயிற்று. அதில் இருந்த பேச்சுத் துண்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

“பொதுச் சொத்தாகிய படம்” என்ற சொல்லையும் அப்படியே நம்பக்கூடாது. 1968இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தின் தலைப்பை மாற்றியபோது, அந்நாளில் கட்டாயமாக இருந்த காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால், அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை இல்லாமற்போயிற்று. அது அமெரிக்கச் சட்டத்தின் விளைவு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி காப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. திரைப்படங்களுக்குப் பொதுவாக 70 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. எனவே அங்கே இல்லாத உரிமை இங்கேயும் இல்லை என்று முடிவுகட்டமுடியாது. 1922இன் ‘நொஸ்ஃபெராட்டு’ போன்ற மௌனப் படங்களிலோ வேறொரு பொறி இருக்கிறது: அவற்றின் பிரதிகளில் நாம் கேட்கும் இசை பிற்காலத்தில் பதிவு செய்து சேர்க்கப்பட்டது, அதற்கு உரிமையாளர் தனியே இருப்பார்.

இவ்வளவையும் பார்த்தபின் நாங்கள் பாதிச் சத்தங்களை நாமே பதிவு செய்யத் தொடங்கினோம். கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் பிரேக் பிடிப்பதும், மழைநாளில் கொழும்பின் காலி வீதியில் கடை இரும்புக் கதவுகள் விழுவதும் கிடைத்துவிட்டன. குரலுக்கு, மேடை நாடகத்தில் நடித்த ஒரு மாமி எழுத்திலேயே சம்மதம் தந்தார். பிணைச்சல் எங்கள் மாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி அறையுடையது. அல்பம் முடியும்வரை அதற்கு எண்ணெய் விடவேண்டாம் என்று காவலாளி ஐயாவிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.