வெள்ளைப் பக்கத்துக்கு ஒரு தீர்வு

பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய எங்கள் இணையதளத்தில் பெரிய அறிக்கையைத் திறந்தாலே வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும். எரர்கள் பதிவாகும் லாகைப் பார்த்தால், நினைவகம் தீர்ந்து ஃபேட்டல் எரர், அதாவது ஸ்கிரிப்டையே நிறுத்திவிடும் பிழை. 2015-இல் வந்த பிஎச்பி 7 முதல் பல ஃபேட்டல் எரர்களை 'த்ரோவபிள்' என்ற வகையைப் போட்டு கேட்ச் செய்துவிடலாம், அதாவது நிரலுக்குள்ளேயே பிடித்துச் சமாளிக்கலாம். ஆனால் நினைவகம் தீரும் இந்த எரரை அப்படிப் பிடிக்க முடியாது.

ஸ்கிரிப்ட் செத்தபின்னும் ஓடுவது 'ரெஜிஸ்டர் ஷட்டவுன் ஃபங்ஷன்'. அதற்குள், கடைசியாக வந்த எரரைத் தரும் 'எரர் கெட் லாஸ்ட்' வைத்து எரரின் வகையைப் பார்த்தேன். ஃபேட்டல் என்றால், பக்கம் அனுப்பப்படும் முன் சேர்ந்திருக்கும் அவுட்புட் பஃபர் பாதி நிரம்பியிருக்கும்; அதைத் துடைத்துவிட்டு, 'சர்வரில் பிழை' எனச் சொல்லும் 500 குறியீட்டோடு ஒரு மரியாதையான பக்கம்.

சரி, அந்தப் பக்கத்தைக் காட்ட நினைவகம் வேண்டுமே? தொடக்கத்திலேயே ஒரு வேரியபிளில் சில கேபி வெற்று எழுத்துகளை நிரப்பி வைத்து, ஷட்டவுனின் முதல் வரியில் அதை 'நல்' (வெறுமை) ஆக்கி, அந்த இடத்தை விடுவித்தேன். இந்த ஒரு வரி அவ்வளவு முக்கியம். எரரைப் பக்கத்திலேயே காட்டும் 'டிஸ்ப்ளே எரர்ஸ்' அமைப்பை அணைத்தாயிற்று; கோப்புப் பாதை வெளியாளுக்குத் தெரியவே கூடாது. அப்புறம்தான் அறிக்கையை, மொத்தமாக நினைவகத்தில் ஏற்றாமல் ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர் வழியாக வரிவரியாகப் படிக்கும்படி மாற்றினேன்.