தீவுக்குப் போகிற நாளில் கந்தோருக்குப் போகாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்து சுற்றுவட்டாரம் பார்க்க நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது படகு நேரத்தைத்தான். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் இருந்து காலையில் புறப்படும் படகை விட்டால் அன்றைய நாள் போச்சு. கடலில் மட்டும் ஒரு மணித்தியாலம் வரும். பின்னேரம் திரும்புகிற படகை விட்டால் இரவுக்கு அங்கேயே படுக்கை. நேரம் அடிக்கடி மாறுவதால் முதல் நாளே ஒரு நெடுந்தீவுக்காரரைப் பிடித்துக் கேளுங்கள். தொலைபேசியில் தேடிப் பார்த்ததை நம்பி வான் வண்டியை எடுக்க வேண்டாம்.

ரவுணில் இருந்து பண்ணைப் பாலம் ஏறி, வேலணை தாண்டி, புங்குடுதீவின் அந்தத்தில் இருக்கும் குறிகட்டுவான் துறைக்குப் போகவும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அந்தப் பாதையே பார்க்க வேண்டியதுதான். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்கள், மாரி காலமென்றால் கூட்டமாய் வந்திறங்கும் பறவைகள். புங்குடுதீவுக்குள் போனதும் வானுக்குள் கதை குறைந்துவிடும். ஓடு சரிந்த கல்வீடுகள், சுவரைப் பிளந்து வளர்ந்த மரங்கள். அந்த வீட்டுக்காரர்களில் சிலரை ரொறன்ரோவின் ஸ்காபரோ கடைத்தெருவில் காணலாம். கோயில்கள் மட்டும் புது வர்ணத்தோடு பளிச்சென்று நிற்கின்றன. காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை.

நெடுந்தீவில் முருகைக்கல் வேலிகள், பழைய கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம், வெளியில் திரியும் குதிரைகள். துறையடியில் ஓட்டோ பிடிக்கலாம், வாடகையை ஏறுமுன் பேசுங்கள். நிழல் குறைவு. மத்தியானச் சாப்பாட்டை வந்திறங்கின உடனேயே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் ஊர் இது. பிள்ளைகளோடு போகிறவர்கள் குதிரையை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டாம் தரம் போய்த்தான். முதல் தரம் படகு போய்விட்டது.

"போற வழிதானே பிள்ளை, கந்தோரில அஞ்சு நிமிசம்" என்றார் மாமா. காணி அலுவல் பார்க்கிற கந்தோர். போகிற வழியும் இல்லை, அஞ்சு நிமிடமும் இல்லை. அம்மாவின் சீதனக் காணி என் கலியாணத்தோடு எனக்கு எழுதப்பட்டது. வீட்டில் இருப்பவர் மாமா. அவருக்கு அதை எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கேட்ட நேரம், வானுக்குள் எல்லாரும் ஏறி இருந்து, பிள்ளைகள் குதிரை குதிரை என்று குதித்துக்கொண்டிருந்த காலைப்பொழுது.

கந்தோர் எட்டரைக்குத் திறந்தது. உரியவர் வந்து தேத்தண்ணீர் குடித்து, மேசையைத் துடைத்து, காணி உறுதிப் பத்திரத்தையும் என் கனடாக் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு அடிமட்டத்தை எடுத்து எழுத்தெழுத்தாக நகர்த்தி ஒப்பிட்டார். உறுதியில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து. கடவுச்சீட்டில் பின்னால் என் கணவரின் பெயர் முழுதாக. நடுவில் ஒரு எழுத்தும் வித்தியாசம்.

"இது நீங்கள்தான் எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

மாமா தன் நெஞ்சில் தட்டி, "நான் தாய்மாமன், நான் சொல்லுறன்" என்றார். அது செல்லவில்லை. சத்தியக்கடதாசி வேண்டும். சமாதான நீதவானின் வீட்டுக்குப் போனால் அவர் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, கடதாசி அடித்து, முத்திரை குத்தி, நாங்கள் மறுபடி கந்தோருக்கு வர மத்தியானம். அப்போதுதான் அடுத்த கேள்வி: "உங்கட மிஸ்ரர் வரேல்லையோ?"

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் முடித்த பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கவோ கொடுக்கவோ புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. காணி என் அம்மாவுடையது, என் பெயரில் இருக்கிறது, கணவர் அந்த முற்றத்தில் கால் வைத்தது கலியாணத்துக்கு அடுத்த நாள் மட்டும். இருந்தும் அவர் ஒப்பம் வேண்டும். நான் சத்தம் போட்டேன். அந்த மனிதர் கோபிக்கவில்லை. "சட்டம் நான் எழுதேல்லை அக்கா. பெரியவரைக் கேட்டுப் பாருங்கோ, திங்கள் வருவார்" என்றார். திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை.

பிள்ளைகள் வானுக்குள் நித்திரையாகிப் போயிருந்தார்கள்.

ஆகவே காணி அலுவல் உள்ளவர்கள் கவனியுங்கள். கணவரின் சம்மதக் கடிதம், தேவையானால் அற்றோணித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் ஒப்பமிட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), இரண்டையும் நீங்கள் இருக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திக்கொண்டு வாருங்கள். அற்றோணித் தத்துவத்தை இங்கே பதியவும் வேண்டும். வாசகம் எப்படி இருக்கவேண்டும் என்று ஊரில் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் முதலே கேட்டு எழுதுவியுங்கள். பழைய அடையாள அட்டை, பிறப்பத்தாட்சி, விவாகப் பதிவு எல்லாவற்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டில் இருந்தே பாருங்கள். இல்லாவிட்டால் வந்திறங்கிய முதற் கிழமையை முழுதாக அதற்கு ஒதுக்கிவிட்டு, கடலைப் பிறகு பாருங்கள். இரண்டையும் ஒரே காலையில் வைத்தால் இரண்டும் நடக்காது.

அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அந்த உறுதியும் எங்களோடு வந்தது. மாமா அதை ஒரு நகைக்கடைப் பைக்குள் வைத்து மடியில் வைத்திருந்தார். நயினாதீவுக்கும் வந்தது. குறிகட்டுவானில் இருந்து கால் மணித்தியாலம்தான், படகுகளும் தாராளம், நெடுந்தீவு தவறினவர்களுக்கு நல்ல ஆறுதல். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு அன்னதானத்துக்கு இருந்தபோது மாமா பையைக் காலுக்குக் கீழே வைத்து அதன்மேல் சப்பாணி கொட்டி இருந்தார். ஆனித் திருவிழா நாட்களில் போகிறவர்கள் படகுக்கு வெயிலில் நிற்கத் தயாராய்ப் போங்கள்.

காரைநகர் கசூரினாவில் கடல் நெடுந்தூரம் முழங்காலளவுதான், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. சனி ஞாயிறு வேண்டாம், பாட்டுப்பெட்டியும் போத்தலுமாக ஆட்கள் வருவார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஊர்காவற்றுறையில் இருந்து 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறிக் காரைநகருக்குக் கடக்கலாம், வழியில் கடற்கோட்டையைப் பார்க்கலாம். பாதை ஓடாத நாட்களும் உண்டு, கேட்டுவிட்டுப் போங்கள்.

கீரிமலையில்தான் எனக்கு வாய் அடைத்தது. கடலுக்கு ஒட்டினாற்போல் நல்ல தண்ணீர்க் கேணி, ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு. அந்தப் பக்கம் நீண்ட காலம் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது, நினைத்தபடி போய்க் குளிக்க முடியாது. குளித்து வந்து பையைத் திறந்து மகளுக்கு மிக்சர் எடுத்துக் கொடுத்தபோது உறுதியைப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் ஊறிக் காய்ந்த கறை. 1995 ஒக்ரோபர் 30, போருக்குள் வலிகாமப் பகுதியே கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு, மழைக்குள் மாமா அதை வயிற்றில் கட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டியிருக்கிறார். என்னுடைய காணியின் உறுதி. நான் அப்போது ரொறன்ரோவில் குளிர்ச்சட்டை வாங்குவது பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பேன். அவர் இதைச் சொல்லிக் காட்டவில்லை. நான் கறையைப் பற்றிக் கேட்டதால் சொன்னார்.

சம்மதக் கடிதத்தில் கணவர் இன்னும் ஒப்பம் வைக்கவில்லை. காணி விலை ஏறுதாம், யோசிப்பமாம். இதை எப்படி மாமாவுக்குச் சொல்வது என்பதற்கு என்னிடம் வழிகாட்டி இல்லை.

காலநிலையைப் பற்றி: ஆடி, ஆவணியில் பள்ளிக்கூட விடுமுறைக்கு வருகிறவர்களுக்குச் சோளகக் காற்று. நெடுந்தீவுக் கடல் நன்றாகத் தூக்கிப் போடும், வயிறு பாரமாக ஏறவேண்டாம். அதே காலத்தில்தான் நல்லூரில் 25 நாள் திருவிழாவும் வரும், தங்குமிடம் முன்கூட்டியே பிடிக்காவிட்டால் உறவினர் வீடுதான் கதி. அதன் பலாபலன் மேலே சொல்லியாயிற்று. மாரியில் கார்த்திகை, மார்கழி வெள்ளத்தையும் யோசியுங்கள்.

ஒரு முழு நாளை வடமராட்சிக்கு வையுங்கள். படகுத் தொல்லை இல்லாத நாள் அது. காலையில் தொண்டைமானாறு சந்நிதி முருகன் கோயில், பிறகு கரையோர வீதியால் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை வெளிச்சவீடு, ஓடக்கரைத் தோசை. அங்கிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயில். கடைசியாக மணற்காடு, மணலுக்குள் புதைந்து நிற்கும் பழைய தேவாலயமும் சவுக்கங்காடும். அதற்கு நாலு மணிக்குப் பிறகு போங்கள், மத்தியானத்தில் மணல் கால் வைக்க விடாது. பருத்தித்துறை வடையை மட்டும் காலையிலேயே வாங்கி வானில் வைத்துவிடுங்கள், திரும்பி வரும்போது முடிந்திருக்கலாம்.