டெங்குவில் எஸ்.ஜி.ஓ.டி. எண்ணைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

அரூரிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ ஐந்தாம் நாள் காய்ச்சலோடு வருபவரிடம் பெரும்பாலும் ஒரு ரிப்போர்ட் இருக்கும். வீட்டார் முதலில் தட்டணுவைக் கேட்பார்கள். அடுத்து, தடித்த எழுத்தில் இருக்கும் எஸ்.ஜி.ஓ.டி. (ஈரல் பரிசோதனையில் பார்க்கும் ஒரு நொதி, AST) 320-ஐக் காட்டி, "ஈரல் கெட்டுப்போச்சுங்களா?" என்பார்கள்.

செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி, செல் சிதையும்போது ரத்தத்தில் கசிகிறது. அதனால் கடும் வைரஸ் நோய்களில் நொதி ஏற ஏற உயிராபத்தும் கூடும். கொரோனாவில் எல்.டி.ஹெச். (பல உறுப்புகளின் செல்களில் இருக்கும் நொதி) இப்படித்தான் பயன்பட்டது. டெங்குவில் எஸ்.ஜி.ஓ.டி. அல்லது எஸ்.ஜி.பி.டி. (பெரும்பாலும் ஈரலில் இருக்கும் இன்னொரு நொதி, ALT) 1000-ஐத் தொட்டாலே கடும் டெங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வகைப்பாடு. ஆனால் அந்த எண்ணை நம்பும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் ரத்தம் எடுத்த விதம். சிவப்பணுவுக்குள்ளும் எஸ்.ஜி.ஓ.டி., எல்.டி.ஹெச்., பொட்டாசியம் மூன்றும் நிறைய இருக்கின்றன. ரத்தம் எடுக்கக் கையில் இறுக்கும் கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தால், ஸ்பிரிட் காயும் முன் குத்தினால், ஊசியைக் கழற்றாமல் சிரிஞ்சை வேகமாக அமுக்கினால், டியூபைக் குலுக்கினால் சிவப்பணு உடையும். ஈரலுக்கு ஒன்றும் ஆகாமலேயே எண் ஏறிவிடும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியபின் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரான சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ரோஸ் நிறம் தட்டினால் புதிதாக ரத்தம் எடுப்பதே சரி. மலைக் கிராமத்திலிருந்து அனுப்பும்போது முழு ரத்தத்தை ஐஸ்மேல் வைத்து பைக்கில் குலுங்க விடக்கூடாது. அரை மணி நேரம் உறைய விட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்து அனுப்புங்கள். எல்.டி.ஹெச். பார்க்கும் சீரத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் அது குறையும்.

எஸ்.ஜி.ஓ.டி. ஈரலுக்கு மட்டும் சொந்தமானதல்ல, தசையிலும் இதயத்திலும் உண்டு. கிரானைட் குவாரியில் பாறை தூக்குபவருக்கும், இடுப்பில் இரண்டு ஊசி போட்டு வந்தவருக்கும் தசையிலிருந்தே கொஞ்சம் கசியும். எஸ்.ஜி.பி.டி. அவ்வளவாக ஏறாமல் எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் உயர்ந்தால் சி.பி.கே. (தசைச் சிதைவைக் காட்டும் நொதி) பாருங்கள். "குடிக்கிறவர், அதனால்தான்" என்று தள்ளிவிடுவது இன்னும் மோசம். குடி மட்டுமே எஸ்.ஜி.ஓ.டி.யை 500-க்கு மேல் கொண்டுபோவது அரிது. அதற்கு மேல் போனால் வேறு காரணம் தேடியே ஆக வேண்டும்.

காய்ச்சல் தொடங்கிய நாளை ரிப்போர்ட்டின் மேலேயே எழுதுங்கள். டெங்குவில் இந்த நொதிகள் பொதுவாக ஒரு வாரம் கழிந்த பிறகே உச்சம் தொடும். மூன்றாம் நாள் 300 தரும் கவலையை எட்டாம் நாள் 300 தருவதில்லை.

உயிரைப் பறிக்கும் தவறு ஒன்று உண்டு: எண் இறங்கியதும் குணமாகிறது என்று நினைப்பது. எஸ்.ஜி.ஓ.டி. ரத்தத்தில் ஏறக்குறைய 17 மணி நேரத்தில் பாதியாகும், எஸ்.ஜி.பி.டி.க்கு இரண்டு நாளாகும். கசிய செல்லே மிச்சம் இல்லாமல் போனாலும் எண் இறங்கத்தான் செய்யும். நேற்று 4000, இன்று 1500 என்றால் பிலிருபினையும் (மஞ்சள் காமாலை அளவு) ஐ.என்.ஆரையும் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) சர்க்கரையையும் உடனே பாருங்கள். அவற்றில் முதல் இரண்டும் ஏறி, சர்க்கரை 70-க்குக் கீழே போய், ஆள் குழறலாகப் பேசினால் ஈரல் செயலிழக்கிறது என்று பொருள்.

எண் குறைவு என்று வீட்டுக்கு அனுப்புவதும் இதற்குச் சளைத்ததல்ல. டெங்குவில் பெரும்பாலும் உயிர் போவது ரத்த நீர் குழாயைவிட்டுக் கசிவதால். அது காய்ச்சல் விடும் நேரத்தில்தான் நடக்கும், அன்று எஸ்.ஜி.ஓ.டி. 150 ஆகவும் இருக்கலாம். பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) முன்பிருந்ததைவிட 20 சதவீதம் ஏறியிருக்கிறதா, வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா, கைகால் சில்லிட்டிருக்கிறதா, சிறுநீர் கழித்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் 100/80 என்றால் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 தான், அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை. இதைத் தவறவிட்டால் ரத்தம் கிடைக்காத ஈரல் மறுநாள் ஆயிரக்கணக்கில் நொதியைக் கொட்டும்.

மாத்திரையையும் கூட்டிப் பாருங்கள். 650 பாரசிட்டமாலோடு மெடிக்கலில் வாங்கிய சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் இருக்கும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் எல்லை, நொதி ஏறியவருக்கும் குடிப்பவருக்கும் அதைவிடக் குறைவு. டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும்போது கடைசி ரிப்போர்ட்டை மட்டும் கொடுக்காமல் எல்லா ரிப்போர்ட்டையும் ரத்தம் எடுத்த நேரத்தோடு கொடுத்தனுப்புங்கள். லேபுக்கு லேப் இயல்பு அளவு மாறும் என்பதால் அந்தக் காகிதத்தில் உள்ள உச்ச வரம்பையும் கூடவே எழுதுங்கள். இதுவரை எத்தனை மில்லி சொட்டு ஏற்றியது, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.