சலம் வைத்தது மீன் அல்ல

குமரி மாவட்டம் கல்குளம் பக்கம் அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சும் வீடுகளில் பயப்பட வேண்டியது கொதிக்கும் கூப்பனிக்குத்தான், கருப்பட்டி ஆவதற்கு முந்தைய அந்தக் கெட்டிப் பாகுக்கு. தண்ணீர் போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். என் மைனிக்கு (அண்ணிக்கு) முன்கையில் அப்படித்தான் ஆனது. ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவ, இன்னொருவர் பச்சிலைச் சாறு பிழிந்தார். செய்திருக்க வேண்டியது, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டுவது. 3 மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. ஐஸ் மட்டும் வேண்டாம்.

நாலைந்து நாளில் கட்டுத் துணியில் பச்சைக் கறை. லேசாகத் திராட்சைப் பழ வாடை. "பச்சிலைச் சாறுதாம் மக்கா" என்று அம்மா சொல்லிவிட்டார். அது சூடோமோனாஸ் கிருமி விடும் நிறம். பச்சையும் இனிப்பு வாடையும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் உதவாது. ஆழமாக வெந்து செத்த தோலில் ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

புண் மூட, விளிம்பிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் புதுச் செல்கள் ஊர்ந்து வர வேண்டும். கிருமியின் நச்சு அந்தச் செல்களைக் கொல்லும். அவை பற்றி ஊர்கிற புரதங்களையும் அரிக்கும். மேலோட்டமான புண் ஆழமாவது இப்படித்தான்.

தானாக மூடாத புண்ணின் மேல் தொடையிலிருந்து தோல் சீவி எடுத்து வைத்தாலும் கதை அதுவே. முதல் இரண்டு நாள் அந்தத் தோலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது; அடியில் கசியும் நீரைக் குடித்தே பிழைக்கிறது. தோலைப் புண்ணோடு பிடித்து வைத்திருப்பது ஃபைப்ரின் என்ற மெல்லிய பசை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி அந்தப் பசையையே கரைத்துவிடும். மற்றக் கிருமிகள் 1 கிராம் திசுவில் 1 லட்சத்தைத் தாண்டினால் தோல் ஒட்டுவது சந்தேகம். ஸ்ட்ரெப்டோகாக்கஸோ கொஞ்சம் இருந்தாலே போதும், தோல் ஒட்டாது. பிறகு மெல்ல ரத்தக்குழாய்கள் வந்து சேரும். அந்த நேரம் பார்த்து "ஒட்டியிருக்கா" என்று கட்டைத் தூக்கிப் பார்த்தால் அவை அறுந்துபோகும். நாங்கள் தூக்கிப் பார்த்தோம். தோல் போனது.

சர்க்கரை நோய் இருந்தால் அதையும் கட்டுக்குள் வைக்க வேண்டும், சொல்லத் தேவையில்லை.

எனக்கு அதிகக் கோபம் பத்தியத்தின் மேல்தான். மீன் தின்றால் புண்ணில் சலம் (சீழ்) வைக்கும் என்று மைனிக்கு மூன்று வாரம் கஞ்சியும் துவையலும். தோல் வளர்வது புரதத்தில்; வெந்த உடம்புக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். இரண்டாம் முறை தோல் வைத்தபோது டாக்டர் முட்டையும் மீனும் கொடுக்கச் சொன்னார். அம்மா சாளைக் கறி வைத்தார், முகத்தைத் தூக்கிக்கொண்டு.