முகத்துக்கு முன் கைகள்: ஒரு கதாபாத்திரத்தை வடிவமைக்கும் முறை

சிறுவர் நூலுக்கு ஒரு கதாபாத்திரம் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டவுடன், இளம் ஓவியர்கள் பலர் முகத்தைத்தான் முதலில் வரையத் தொடங்குகிறார்கள். முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் அவர்களுக்குச் சொல்ல விரும்புவது. அந்த மனிதர் நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறார், அந்த வேலை அவருடைய தோளையும் முதுகையும் விரல்களையும் எப்படிப் பழக்கியிருக்கிறது என்பது பிடிபட்டுவிட்டால், அவருக்கேற்ற முகம் பெரிய போராட்டமின்றி அமைந்துவிடும். காரைக்குடியில் இருந்து ஃப்ரீலான்ஸ் ஓவியராக வேலை செய்கிறவன் என்பதால், பனையோலைக் கொட்டான் (சிறு கூடை) முடையும் ஓர் ஆச்சியை 32 பக்கப் படக்கதைக்காக உருவாக்குவதையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

பென்சிலைத் தொடுவதற்கு முன் கதை முழுவதையும் படித்து, எந்தப் பக்கத்தில் ஆச்சி என்ன செய்கிறார் என்று காட்சிவாரியாக எழுதிக்கொள்ள வேண்டும். நூலின் அளவு, வாசிக்கும் குழந்தைகளின் வயது, இதே ஆச்சி அடுத்த நூலிலும் வருவாரா என்பன போன்றவற்றைப் பதிப்பாளரிடம் அப்போதே கேட்டுவிடலாம். காட்சிப் பட்டியலைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்: பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் அவர் தரையில் உட்கார்ந்துதான் இருக்கிறார். அப்படியானால் அவரை நிற்க வைத்து வடிவமைத்துவிட்டுப் பிறகு உட்கார வைக்க முயல்வது வீண் வேலை. உட்கார்ந்த நிலையிலேயே வடிவமைப்பைத் தொடங்குங்கள்.

அடுத்தது நேரில் பார்ப்பது. “ஆச்சி, நீங்க முடையிறதப் பக்கத்துல இருந்து பாத்து வரஞ்சுக்கிறட்டுமா?” என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகே குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். சாயமேற்றிய ஓலைப்பட்டைகள் காய்ந்து முறியாமலிருக்க ஈரத்தில் வைத்திருப்பார்கள். ஒரு பட்டை மற்றொன்றின் மேலும் கீழுமாகச் சென்று வந்தவுடன், குறுக்கே விழுந்த இடத்தை இடது கைக் கட்டைவிரல் அழுத்திப் பிடிக்க, வலது கை அடுத்த பட்டையை இழுத்து இறுக்கும். அந்த அழுத்தத்தில் நகத்தைச் சுற்றியுள்ள தோல் வெளுப்பதையும், முழங்கை உடலோடு ஒட்டியே இருப்பதையும், கழுத்து சற்றே முன்னால் நீள்வதையும் வேகமான சிறு ஸ்கெட்ச்களில் பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படத்தை மட்டும் நம்பி வரையாதீர்கள்; அருகிலிருந்து எடுக்கும்போது முன்னால் உள்ள கை இயல்பைவிடப் பெரிதாகவும் தலை சிறிதாகவும் விழும். நீங்கள் பார்த்த ஒருவரின் முகத்தை அப்படியே நூலில் வைப்பதும் முறையன்று. ஒருவரின் உட்காரும் விதம், மற்றொருவரின் தோள், இன்னொருவரின் விரல்கள் என்று சேர்த்தே கதாபாத்திரம் உருவாக வேண்டும்.

செட்டிநாட்டைக் காட்டுகிறோம் என்ற உற்சாகத்தில் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். திருமணம் போன்ற சடங்குகளில் அணியும் கழுத்துரு என்னும் தங்கத் தாலி அணியை, சாதாரண நாளில் ஓலை முடையும் ஆச்சியின் கழுத்தில் போட்டால் உள்ளூர் வாசகர் அந்தப் பக்கத்திலேயே நம்பிக்கை இழந்துவிடுவார். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து போதும். வீட்டின் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். அவர் வளவில், அதாவது வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில், உட்கார்ந்திருந்தால் வெளிச்சம் திறந்த முற்றத்தின் வழியாக மேலிருந்து வரும். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் தெருப்பக்கத்திலிருந்து வரும். இதை முன்பே முடிவு செய்யாவிட்டால் முகத்தின் நிழல் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறிக்கொண்டிருக்கும்.

இனி நிழலுருக்கள். கட்டைவிரல் அளவில் இருபது உருவங்களை, உள்விவரம் எதுவுமின்றி, முழுக் கறுப்பாக வரையுங்கள். கொட்டான் ஆச்சியின் மடியில் இருந்தால் அது கறுப்பில் கரைந்து காணாமல் போகும். சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, நீண்டு நிற்கும் ஓலை முனைகள் உடலுக்கு வெளியே தெரியுமாறு வைத்தால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் அவர் முடைகிறார் என்பது விளங்கும். வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை, அதாவது அவருடைய தலையின் உயரத்தைப் போல் ஏழரை மடங்கு, என்றாலும், சிறுவர் நூலில் நான்கு அல்லது நான்கரைத் தலை அளவே முகபாவத்தைத் தெளிவாகக் காட்டும். இந்த ஆச்சிக்குக் கைகளையும் ஒரு சுற்றுப் பெரிதாக்குவேன், ஏனெனில் கதையே அவற்றில்தான் நடக்கிறது.

சேலை தனிக் கவனம் கேட்கும். 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியின் அழகு, அகன்ற கரையிலும் கட்டங்களிலும் இருக்கிறது. ஆனால் உண்மையான எண்ணிக்கையில் கட்டங்களை 32 பக்கங்களுக்கும் வரைய முயன்றால் ஓவியரின் கையும் ஓய்ந்துவிடும், வாசகரின் கண்ணும் முகத்தைவிட்டுச் சேலைக்கே ஓடும். ஆகவே முதலில் மடிப்புகளை மட்டும் வரைந்து, பிறகு முழங்காலுக்கு மேல் மூன்று, மாராப்பில் இரண்டு என்று பெரிய கட்டங்களாகக் குறைத்து, கோடுகள் மடிப்பின் வளைவைப் பின்பற்றிச் செல்லுமாறு அமையுங்கள். நேர்க்கோடுகளாகப் போட்டால் உடல் தட்டையாகிவிடும். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்றும் போதுமானவை. வண்ணம் தீட்டிய பின் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். சேலையும் தரையும் ஒரே சாம்பலில் கலந்தால், தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லின் நிறங்களை வெளிறச் செய்ய வேண்டும், சேலையை அன்று.

வடிவம் உறுதியானதும் முன், முக்கால், பக்க, பின் தோற்றங்களை ஒரே உயரக் கோட்டில் வரைந்து, எல்லாப் பக்கங்களுக்கும் பார்த்து வரைவதற்கான தாள் ஒன்றைத் தயாரிக்கவும். பின்கொசுவம் வைத்துக் கட்டும் சேலைக்குப் பின் தோற்றம் இன்றியமையாதது. முகபாவங்களைப் பொதுவான பட்டியலிலிருந்து எடுக்காமல், கதையிலிருந்தே எடுங்கள்: பேரன் ஓலையைக் கலைத்தபோது வரும் கோபமும், அவனே முதல் கொட்டானை முடித்தபோது அடக்கிக்கொள்ளும் பெருமையும் இருந்தால் போதும்.

பதிப்பாளருடனான உடன்பாட்டை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிழலுரு, பென்சில் படம், வண்ணம் என ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை திருத்தங்கள், எப்போது எவ்வளவு பணம் என்பது அதில் இருக்கட்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்து வடிவில் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். எனவே ஆச்சி நூலில் மட்டும் வருவாரா, பொம்மையாகவும் அசைபடமாகவும் வருவாரா என்பதை வரிவரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அதன்பின், அச்சிடும் அளவிலேயே 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவில், கோடு, நிறம், பின்னணி ஆகியவை தனித்தனி லேயர்களாக (அடுக்குகளாக) உள்ள கோப்புகளை அனுப்பி, அச்சகத்தின் மாதிரித் தாளில் அந்தச் செங்கல் சிவப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தபின் ஒப்புதல் கொடுங்கள்.