ஒரு வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசிப்பது எப்படி? எரேமியா 29:11-ஐக் கொண்டு ஒரு பயிற்சி

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை (வரும் ஆண்டுக்கென ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டை) எடுக்கும் வழக்கம் நம் சபைகள் பலவற்றில் உண்டு. அந்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரியைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள், கல்யாணப் பத்திரிகையிலும் பார்த்திருப்பீர்கள். அட்டை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. எடுத்த அட்டையைப் பர்ஸில் வைத்துவிட்டு, அந்த அதிகாரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓர் ஆண்டை ஓட்டிவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

இந்த ஒரே வசனத்தைப் பாடமாக வைத்துக்கொள்வோம். இறையியல் கல்லூரிப் படிப்பெல்லாம் வேண்டாம். வேதாகமம், நோட்டு, பென்சில், ஒரு மணி நேரம் இருந்தால் போதும். கைபேசியில் வாசிக்கிறவர்களும் இந்தப் பயிற்சிக்கு மட்டும் அச்சிட்ட புத்தகத்தை எடுங்கள். செயலியில் தேடினால் வசனம் துண்டாக வந்து நிற்கும். புத்தகத்தில் முன்னும் பின்னும் இருப்பது கண்ணில் பட்டே தீரும்.

படி 1: அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள்

29ஆம் அதிகாரத்தில் 32 வசனங்கள்தான். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வசன எண்களைக் கண்டுகொள்ளாமல் வாசியுங்கள். நாம் இன்று பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டது. எரேமியாவின் சுருளில் இந்த எண்கள் கிடையாது. ஆகவே அதிகாரம் முடிகிற இடத்தில் விஷயமும் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இங்கே 27, 28, 29 ஆகிய மூன்றும் ஒரே விவகாரத்தைப் பற்றியவை. மூன்றையும் சேர்த்து வாசித்தால் 28இல் வரும் அனனியா என்ற ஆளைச் சந்திப்பீர்கள். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாசிப்பில் எல்லாம் புரிய வேண்டும் என்பதில்லை. புரியாத பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். எகொனியாவும் யோயாக்கீனும் ஒரே ராஜாதான். இது தெரியாமல் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

படி 2: யார், யாருக்கு, எங்கிருந்து, எப்போது?

இந்த நான்கு கேள்விகளையும் நோட்டில் எழுதுங்கள். நம் வசனத்துக்கு நான்கு பதில்களும் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களிலேயே கிடைக்கின்றன. இது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி எரேமியா எழுதுகிறார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன மூப்பர், ஆசாரியர், தீர்க்கதரிசிகள், மற்ற ஜனங்கள் எல்லாருக்கும் எழுதுகிறார். யோயாக்கீனுக்குப் பின் யூதாவை ஆண்ட சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய இருவர் கையில் கடிதம் போகிறது. ராஜா, ராஜாத்தி, பிரபுக்கள், தச்சர், கொல்லர் எல்லாரும் எருசலேமை விட்டுப் போன பிறகு எழுதியது என்று 2ஆம் வசனம் காலத்தையும் சொல்லிவிடுகிறது.

அந்தச் சம்பவம் நடந்தது கி.மு. 597. அதன் விவரம் 2 இராஜாக்கள் 24இல் இருக்கிறது. பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்த யோயாக்கீன் மூன்றே மாதம் ஆண்டு, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் சரணடைந்தான். வேதாகமத்துக்கு வெளியிலும் இதற்குச் சான்று உண்டு. நேபுகாத்நேச்சார் தன் ஏழாம் ஆண்டில் யூதாவின் நகரத்தைப் பிடித்துத் தனக்கு இசைந்த ஒருவனை ராஜாவாக வைத்தான் என்று பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று சொல்கிறது. அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பாபிலோனில் தோண்டியெடுத்த வேறு சில பலகைகள் இன்னும் நெருக்கமான செய்தியைத் தருகின்றன. யூதாவின் ராஜாவான யோயாக்கீனுக்கும் அவன் பிள்ளைகள் ஐவருக்கும் அரண்மனைப் பண்டகசாலையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு அவை. நாடிழந்த ராஜா எண்ணெய்க்குக் கையேந்தி நிற்கிறான். அவனோடு போனவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

வேதாகமத்தின் கடைசியில் வரைபடம் இருந்தால் எருசலேமையும் பாபிலோனையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பிற்காலத்தில் எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போய்ச் சேர நான்கு மாதம் ஆயிற்று என்று எஸ்றா 7:9 சொல்கிறது.

படி 3: ஒரு வசனம் மேலே, மூன்று வசனம் கீழே

அவசரத்தில் எதை விட்டாலும் இந்தப் படியை விடாதீர்கள். 11ஆம் வசனத்துக்கு நேர் மேலே 10ஆம் வசனம் என்ன சொல்கிறது? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் கர்த்தர் அவர்களைத் திரும்பப் பண்ணுவார். நோட்டில் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கடிதம் போய்ச் சேரும்போது முப்பது வயதுள்ள ஒரு கொல்லருக்கு, எழுபது வருஷம் முடிகிறபோது என்ன வயது? பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539. எழுபதை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 597இலிருந்து எண்ணினாலும் அதற்குள் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் போய்விட்டன. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோன் மண்ணிலேயே அடக்கம் பண்ணப்பட்டிருப்பார்கள். ஆக, 11ஆம் வசனம் "இந்த வருஷம் உனக்கு வேலை கிடைக்கும்" என்கிற பேச்சல்ல. தங்கள் பேரப்பிள்ளைகள் பார்க்கப்போகும் ஒரு முடிவைத் தங்களுக்கென்றே பெற்றுக்கொண்ட ஒரு ஜனக்கூட்டத்துக்குச் சொன்னது.

இன்னும் மேலே 5 முதல் 7 வரை போனால், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறைப்படுத்தின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று வருகிறது. வாக்குத்தத்த அட்டையில் இந்த 7ஆம் வசனத்தை நான் பார்த்ததே இல்லை! கீழே 12 முதல் 14 வரை, முழு இருதயத்தோடு தேடினால் கண்டுபிடிப்பீர்கள் என்ற வார்த்தை இருக்கிறது.

படி 4: முதலில் கேட்டவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

எல்லாப் பகுதிகளிலும் இதற்குப் பதில் கிடைக்காது. இங்கே நமக்கு அதிர்ஷ்டம். 24ஆம் வசனத்திலிருந்து பாருங்கள். பாபிலோனில் இருந்த செமாயா என்பவன் கடிதத்தைக் கேட்டுக் கொதித்துப்போய், எருசலேமிலிருந்த ஆசாரியனுக்கு எழுதுகிறான். சாராம்சம் இதுதான்: இந்த எரேமியாவை ஏன் இன்னும் தொழுமரத்தில் மாட்டாமல் விட்டிருக்கிறீர், நெடுங்காலம் ஆகும், வீடு கட்டிக் குடியிருங்கள் என்று எங்களுக்கு எழுதியிருக்கிறானே! நாம் ஆறுதலாக வாசிக்கிற கடிதம் அவன் காதில் துரோகமாக விழுந்திருக்கிறது.

இப்போது அனனியாவுக்கு வருவோம். 28ஆம் அதிகாரத்தில் அவன் தேவாலயத்தில், ஜனங்கள் எல்லாரும் பார்க்க, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். இரண்டே வருஷம், ராஜாவும் சிறைப்பட்டவர்களும் தேவாலயப் பாத்திரங்களும் திரும்பிவிடும் என்பது அவன் செய்தி. அதைக் கேட்ட எரேமியா முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அதுவே ஆசை. ஆனால் கர்த்தர் அப்படிச் சொல்லவில்லை. அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

10ஆம் வசனத்தை வெட்டிவிட்டு 11ஐ மட்டும் "சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும்" என்ற பொருளில் கொடுத்தால், எரேமியாவின் பெயரைப் போட்டு அனனியாவின் செய்தியைக் கொடுத்துவிடுகிறோம். கடிதம் எந்தப் பேச்சை மறுக்க எழுதப்பட்டதோ, அதே பேச்சு அட்டையில் அச்சாகிவிடுகிறது.

படி 5: பேசுவது யார்? எந்த வகை எழுத்து?

நம் வசனத்தில் பேசுகிறவர் கர்த்தர், எழுத்து வகை கடிதம். அதனால் இங்கே சிக்கல் இல்லை. ஆனால் இந்தப் படியை எப்போதும் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். புதுக் கடை திறப்பு விழாக்களில் நமக்குப் பழகிப்போன வசனம் யோபு 8:7: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." இதைச் சொன்னது யார் என்று கேட்டால், "கர்த்தர்" என்பார்கள். சொன்னது யோபுவின் சிநேகிதரான பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தகப்பனைப் பார்த்து, உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்குத்தான் தண்டனை என்ற தொனியில் 4ஆம் வசனத்தில் பேசுகிறார். நீ சுத்தமானவனாக இருந்தால் எல்லாம் திரும்பி வரும் என்று 6இல் நிபந்தனை போடுகிறார். அதன் தொடர்ச்சிதான் 7. புத்தகத்தின் முடிவில், 42:7இல், பில்தாத் உட்பட மூன்று சிநேகிதரும் தம்மைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தர் கோபிக்கிறார்.

"கடைசியில் யோபு ஆசீர்வதிக்கப்பட்டாரே?" என்று வேதபாட வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. 42:12 அதைத்தான் சொல்கிறது. ஆனால் பில்தாத் போட்ட கணக்கின்படி அது நடக்கவில்லை. வாடிக்கையாளர் பார்வை படும் இடத்தில் அந்த வசனத்தை மாட்டுகிறவர்கள் 8ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு மாட்டட்டும்.

நீதிமொழிகளுக்கு வேறு அளவுகோல். 26:4 மூடனுக்குப் பதில் கொடுக்காதே என்கிறது, அடுத்த வசனமே கொடு என்கிறது. பழமொழி வாக்குறுதி அல்ல, சட்டமும் அல்ல. எந்த வேளைக்கு எது பொருந்தும் என்று பார்க்கிற பொறுப்பை வாசகரிடமே விடுகிறது. சங்கீதம் பாட்டு, அதில் உருவகம் இருக்கும். உவமைக்கு வேறு வகை வாசிப்பு. இவற்றை ஒரே நாளில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

படி 6: துணை வசனங்கள்

பக்க ஓரத்திலோ அடியிலோ சிறிய எழுத்தில் வசன எண்கள் கொடுத்திருப்பார்கள். எழுபது வருஷத்தைத் தொடர்ந்து போனால் எரேமியா 25:11-12, தானியேல் 9:2, 2 நாளாகமம் 36:21, எஸ்றா 1:1 என்று வரிசையாகக் கிடைக்கும். தானியேல் 9ஐ அவசியம் வாசியுங்கள். எழுபது வருஷ வாக்கைப் படித்து அறிந்த தானியேல் அதைச் சுவரில் மாட்டவில்லை. உபவாசம் இருந்து, இரட்டுடுத்தி, தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கை செய்தார். விளக்கவுரை நூல்களை இந்தப் படி முடிந்த பிறகு திறங்கள். முதலிலேயே திறந்தால் உரையாசிரியரின் கண்ணால்தான் பார்ப்பீர்கள்.

படி 7: இனி நமக்கு

அப்படியானால் 29:11 நமக்கு இல்லையா? உண்டு, ஆனால் கடிதத்தின் வழியாக வர வேண்டும். தம் ஜனத்தைச் சிட்சித்தபோதும் கர்த்தர் கைவிடவில்லை, அவர் காலக்கணக்கு நம்முடையதைவிட நீளமானது, காத்திருக்கும் காலத்தில் இருக்கிற ஊரில் வீடு கட்டி, அந்த ஊருக்காக ஜெபிக்க வேண்டும். இவ்வளவும் கடிதத்திலிருந்து நேராக எடுக்கலாம். தேர்வு முடிவையும் விசாவையும் எடுக்க முடியாது. வேலைக்காக வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் 7ஆம் வசனத்தை அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்.

அடுத்த வாரத்துக்கு இரண்டு பகுதிகள். பிலிப்பியர் 4:13ஐ எடுத்து, 10ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள். பவுல் எங்கே இருந்து எழுதுகிறார் என்பதற்கு 1:13ஐப் பாருங்கள். 12ஆம் வசனத்தில் "பட்டினி" வருகிற இடத்தை அடிக்கோடிட்டுவிட்டு, "எல்லாவற்றையும்" என்றால் எவற்றை என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். மற்றது மத்தேயு 18:20. இரண்டு மூன்று பேர் கூடும் ஜெபக்கூட்டத்தில் சொல்லும் வசனம். 15ஆம் வசனத்திலிருந்து வாசித்து, அந்த இரண்டு மூன்று பேர் எதற்காகக் கூடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்.