ஒரு பக்கத் தலைவலி, கூடவே கண்ணு செவந்து தண்ணி கொட்டுதா? மொதல்ல கடிகாரத்தைப் பாருங்க

தலை ஒரே பக்கமா, அதுவும் கண்ணுக்குப் பின்னாடி பழுக்கக் காய்ச்சின கம்பியைச் சொருகின மாதிரி வலிக்குது, அந்தப் பக்கக் கண்ணு மட்டும் செவந்து தண்ணி கொட்டுது, மூக்கும் அதே பக்கம் அடைச்சுக்குது இல்ல ஒழுகுது, இமை லேசா தொங்குதுன்னா உடனே மைக்ரேன், சைனஸ்னு நீங்களே முடிவு கட்டிடாதீங்க. முகத்தோட உணர்ச்சியை எடுத்துட்டுப் போற ட்ரைஜெமினல் நரம்பு உசுப்பேறும்போது கண்ணீர், சளியைப் பாத்துக்குற நரம்பையும் சேத்து இழுத்துவிட்டுடுது, அதான் இந்தக் கூத்து. இந்த மாதிரித் தலைவலியில நாலு வகை இருக்கு, வகைக்கு வகை மருந்து மாறும்.

பிரிச்சுக் கண்டுபிடிக்க சுலபமான வழி நேரம்தான். வலி ஆரம்பிக்கும்போதே போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டுடுங்க, கூட இருக்குறவங்கள ரெண்டு கண்ணும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, ஏன்னா டாக்டர்கிட்ட போய் உக்காரும்போது கண்ணு பளிச்சுனு இருக்கும், அவரும் பாவம் என்னத்த பாப்பாரு.

15 நிமிஷத்துலேருந்து 3 மணி நேரம் வரைக்கும், தூங்கி ஒன்னு ரெண்டு மணி நேரத்துல எழுப்பிவிடுது, படுக்க முடியாம ரூமுக்குள்ள நடந்துகிட்டே இருக்கீங்கன்னா அது கிளஸ்டர் தலைவலியா இருக்கலாம் (மைக்ரேன்காரங்க இருட்டுல அசையாம படுப்பாங்க, இவங்க செவுத்துல தலையை முட்டிப்பாங்க). 2லேருந்து 30 நிமிஷம், ஒரு நாளைக்கு அஞ்சு தடவைக்கு மேலன்னா பராக்சிஸ்மல் ஹெமிக்ரேனியா. செகண்ட் கணக்குல ஷாக் அடிக்கிற மாதிரி, அதிகபட்சம் 10 நிமிஷம், நாளுக்கு நூறு தடவைகூட வரும்னா சன்க்ட் (SUNCT)ங்கிற வகை. மூணு மாசத்துக்கு மேல விடாம ஒரே பக்கம் இருந்து நடுநடுவுல ஏறுச்சுன்னா ஹெமிக்ரேனியா கன்டினுவா.

கிளஸ்டருக்கு, வலி வந்தவுடனே 100% ஆக்சிஜன், நிமிஷத்துக்கு 12லேருந்து 15 லிட்டர், பை வெச்ச மாஸ்க்ல, 15-20 நிமிஷம், நேரா உக்காந்து மூச்சு இழுக்கணும். மூக்குல மாட்டுற சின்ன டியூப் இதுக்குப் பத்தாது, சிலிண்டர் பக்கத்துல நெருப்பு, சிகரெட் கூடவே கூடாது. இல்லன்னா சுமாட்ரிப்டான் 6 மில்லிகிராம் ஊசி, இதய நோய் இருந்தா அது வேணாம். வலி வராம தடுக்க வெரபமில், அது இதயத்துடிப்பைக் கொறைக்கும்ங்கிறதால டோஸ் ஏத்தும்போது ஈசிஜி எடுத்தே ஆகணும். அது வேலை செய்ய ஆரம்பிக்குற வரைக்கும் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு தருவாங்க. திரும்பத் திரும்ப வலி வர்ற அந்தக் காலகட்டம் முடியுற வரைக்கும் சரக்கு பக்கமே போகாதீங்க, ஒரு பெக்கே கெளப்பிவிட்டுடும்.

ரெண்டு ஹெமிக்ரேனியாவுக்கும் இண்டோமெதசின்தான், இந்த மருந்துக்கு வலி அடங்கிடும், அப்படி அடங்குறதே நோயை உறுதிப்படுத்தும். ஆனா வயித்தையும் கிட்னியையும் பதம் பாக்கும், அதனால வயித்துக்கான மாத்திரையோட டாக்டர் மேற்பார்வையில மட்டும் சாப்பிடுங்க. சன்க்டுக்கு லாமோட்ரிஜின், தோல்ல தடிப்பு வந்தா உடனே டாக்டரைக் கூப்பிடணும். எந்த வகையா இருந்தாலும் மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி தெரியுற மாதிரி ஒரு எம்ஆர்ஐ எடுத்துடுங்க, அங்க கட்டி இருந்தாலும் இதே மாதிரி வலிக்கும்.

திடீர்னு கழுத்து வலியோட இமை தொங்கி கண்மணி சின்னதாச்சு, இல்ல கண்ணு செவந்து பார்வை மங்கி லைட்டைச் சுத்தி வளையம் தெரிஞ்சு வாந்தி வருது, இல்ல 50 வயசுக்கு மேல புதுசா வந்து மெல்லும்போது தாடை வலிக்குதுன்னா ஸ்டாப்வாட்ச் எல்லாம் வேணாம், நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.